கிளிநொச்சிப் பழைய புத்தகக் கடையும் கோல் விழாத ஓர் ஆட்டமும்

கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கும் பழைய புத்தகக் கடையொன்றில், ஆங்கில உதைபந்தாட்ட ஆண்டு மலரொன்றை 600 ரூபாவுக்கு வாங்கினேன். 1969 யூன் 1ஆம் திகதி, மெக்சிக்கோ நகரின் அஸ்டெக்கா அரங்கில் மெக்சிக்கோவும் இங்கிலாந்தும் கோல் எதுவுமின்றி முடித்துக்கொண்ட நட்புறவு ஆட்டத்தைப் பற்றிய குறிப்பையே நான் தேடினேன். ‘ஒரு கோலும் விழாத மட்சுக்கோ தம்பி இவ்வளவு தேடுறியள்?’ என்று கடைக்காரர் சிரித்தார்.

அவர் கேட்டதும் நியாயந்தான். ஆனால் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீற்றர் உயரத்தில், காற்று மெலிந்திருக்கும் அதே அரங்கில்தான் அடுத்த ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டம் நடைபெறவிருந்தது. ஆகவே, 1966இன் உலகக் கிண்ணச் சம்பியன்களான இங்கிலாந்து அணியை அங்கே அழைத்துச்சென்ற அதன் முகாமையாளர் அல்ப் ராம்சிக்கு, கோல் கணக்கைவிட வீரர்களின் மூச்சு 90 நிமிடமும் தாக்குப்பிடிக்கிறதா என்பதே பெரிய கேள்வியாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அதே பயணத்தில் அவர்கள் உருகுவேயை 2-1 என வென்று, பிரேசிலிடம் 1-2 எனத் தோற்றார்கள்.

கடையில் ஒழுங்கு உண்டு. கறையானுக்கு அஞ்சி ஒவ்வொரு புத்தகத்தையும் காய்ந்த வேப்பிலையோடு பொலித்தீன் பையில் இட்டுக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டை அவிழ்க்க விடாததுதான் குறை. வீட்டில் பிரித்தபோது, மெக்சிக்கோப் பயணம் வரவேண்டிய இடத்தில் இரண்டு தாள்கள் கிழிபட்டிருந்தன; மீதமிருந்தது ஒரு படத்தின் ஓரமும் யாரோ ஒருவரின் முழங்காலும் மட்டுமே. திருப்பிக் கொண்டுபோனபோது, முகம் சுளிக்காமல் 300 ரூபாவைத் தந்து, மலரையும் என்னிடமே விட்டுவிட்டார். வாங்குபவர்கள் அங்கேயே பிரித்துப் பார்க்க வற்புறுத்துவது நல்லது.