ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர்: பின்சில்லுகளை நேராக்கிய அனுபவம்

மட்டக்களப்பில் சில வருடங்களாக ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்ற பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓட்டி வருகிறேன். 1962 முதல் 1980 வரை வெளிவந்த இந்தக் கார்களில், டிஃபரன்ஷியலின் (எஞ்சின் விசையை இரு பின்சில்லுகளுக்கும் பிரித்துக்கொடுக்கும் பெட்டி) மேல் குறுக்காகப் பூட்டிய ஒரே லீஃப் ஸ்பிரிங்தான் (பட்டை வில்) இரு பின்சில்லுகளையும் தாங்குகிறது. அச்சுத்தண்டுக்கு உட்பக்கத்தில் மட்டுமே மூட்டு இருப்பதால், சில்லு ஏறி இறங்கும்போதெல்லாம் அதன் சாய்வும் மாறும்.

என் காரில் இடப்பக்கப் பின்ரயர் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்தது. கல்லடிப் பாலத்தில் பக்கக்காற்று அடித்தால் பின்பக்கம் தனியே அலைந்தது. கம்ப்யூட்டர் அலைன்மென்ட் (சில்லுகளின் திசையை அளந்து நேராக்குவது) செய்யும் இடமொன்றில் பின்சில்லின் திசை பிழையென்று திரையில் தெளிவாகவே தெரிந்தது. ஆனால் பின்னால் திருப்புவதற்கு நட்டு எதுவும் அகப்படாததால், முன்சில்லுகளை மட்டும் சரிசெய்து பணத்தை வாங்கிக்கொண்டார்கள். ஸ்டியரிங் நேரானது, ரயர் தேய்வது நிற்கவில்லை.

உண்மையில் திருப்பும் நட்டு அங்கே இல்லை. சில்லிலிருந்து முன்னோக்கி வரும் ரேடியஸ் ஆர்ம் என்ற இரும்புத்தண்டு, இருக்கைகளுக்குப் பின்னால் பொடியில் (காரின் உடலில்) பூட்டிய பிராக்கெட்டில் முடிகிறது. அந்தப் பிராக்கெட்டுக்கும் பொடிக்கும் இடையில் வைக்கும் மெல்லிய தகடுகளே சில்லின் திசையைத் தீர்மானிக்கின்றன. தகடு கூடினால் சில்லின் முன்விளிம்பு வெளியே திரும்பும், குறைந்தால் உள்ளே திரும்பும்.

ஆனால் தகட்டில் கைவைப்பதற்கு முன்னர் பார்க்க வேண்டியவை உண்டு. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்றிருக்கும் ஊரில் உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. பிராக்கெட் பொருந்தும் இடத்தில் வெளியே பெயின்ற் பளபளவென்றிருந்தாலும், ஸ்க்ரூ ட்ரைவரால் அழுத்தியதும் அது உள்ளே இறங்கிவிட்டது. கராஜ் பாஸ் (மெக்கானிக்) அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வெல்ட் பண்ணினார். ரேடியஸ் ஆர்மின் மூட்டுகளில் தேய்ந்திருந்த ரப்பர் புஷ்களையும் (மூட்டுக்குள் இருக்கும் உறைகள்), சில்லின் அடிப்பக்க நைலோன் புஷ்களையும் மாற்றினோம். இவை ஆடிக்கொண்டிருந்தால் எந்த அளவும் நிலைக்காது. பாதித் திருத்தம் இந்த வேலையிலேயே முடிந்துவிட்டது என்பேன்.

அளவெடுப்பதற்கு இரு பக்கமும் நைலோன் நூல் கட்டினோம். முன்சில்லுகளுக்கு இடைப்பட்ட அகலம் 49 அங்குலம், பின்னால் 48 அங்குலம் என்பதால், நூல் காரின் நடுக்கோட்டுக்குச் சமாந்தரமாக அமைய, பின்சில்லருகே நூலுக்கும் சில்லுக்கும் உள்ள இடைவெளி முன்னால் இருப்பதைவிட அரை அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் நாலு சில்லிலும் ஒரே இடைவெளி வைத்தால் முழுக் கணக்கும் பிழைத்துவிடும். ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனேயும் அளக்கக்கூடாது. சில்லுகளின் அடிப்பக்கம் உள்ளே மடிந்திருக்கும். காரை முன்னும் பின்னும் உருட்டி ஸ்பிரிங் படிந்த பிறகே அளவு உண்மை பேசும்.

அளவுக்கேற்பத் தகடுகளைச் சரிசெய்தபின் அம்பாறை வரை பலமுறை போய் வந்தும் ரயர் சீராகவே தேய்கிறது. பொலியூரித்தேன் புஷ்களையும் சில காலம் போட்டுப் பார்த்தேன். அதிர்வு கூடியதே தவிர வேறு பலன் தெரியாததால் ரப்பருக்கே திரும்பினேன்.

ஒரு குணம் மட்டும் மாறவில்லை. வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து திடீரெனக் காலை எடுத்தால் பின்பக்கம் இன்னும் எழும்பப் பார்க்கிறது. அது அலைன்மென்ட்டால் தீராத, வடிவமைப்போடு வந்த குறை. 1970 இல் வந்த மார்க் 4 இல்தான் ஸ்பிரிங்கின் அமைப்பை மாற்றி அதைப் பெருமளவு அடக்கினார்கள். அந்த ஸ்பிரிங்கை இதில் போடலாம்தான், ஆனால் முன்னால் தடித்த அன்ரி ரோல் பாரும் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் தண்டு) சேர்த்துப் போட வேண்டும் என்பதால், இப்போதைக்கு வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன்.