400 மீட்டர்: டோக்கியோவா, பாரிஸா?

உப்புவெளிக் கடலில் நீந்திப் பழகும் நம்ம பிள்ளைகளுக்குப் பெண்கள் 400 மீட்டர் பிரீஸ்டைல் இறுதி ஒன்றைப் போட்டுக் காட்டுவதென்றால், யோசிக்காமல் டோக்கியோ ஒலிம்பிக்கைத்தான் காட்டுவேன். 2021 ஜூலை, இங்கே காலைத் தேநீர் நேரம். அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி முன்னால், பாதித் தூரத்தில் அவுஸ்திரேலியாவின் அரியார்ன் டிட்மஸ் கிட்டத்தட்ட ஓர் ஆள் நீளம் பின்னால். ஆனாலும் பதறாமல், வீச்சின் தாளம் குலையாமல் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, 350 மீட்டர் திருப்பத்தில் முந்தி, 3:56.69 இல் சுவரைத் தொட்டார், லெடெக்கி 3:57.36. அந்தக் கடைசி 50 மீட்டரை எத்தனை தடவையும் பார்க்கலாம்!

பாரிஸ் 2024 இறுதி நமக்கு நள்ளிரவு தாண்டித்தான் வந்தது. அதற்கு எதிர்பார்ப்பு பெரிது, மூன்று உலக சாதனைக்காரிகள் ஒரே தடாகத்தில். டிட்மஸ் 3:57.49, கனடாவின் 17 வயது சமர் மக்கின்டோஷ் 3:58.37, லெடெக்கி 4:00.86. வேகம் குறையாமல் முன்னுக்கு நிற்பது எப்படி என்று படிக்க இது நல்லது, பரபரப்பு மட்டும் குறைவு.

கடலில் சுவர் இல்லை, அதனால் நம்ம பிள்ளைகளுக்குத் திருப்பம்தான் பெரிய குறை. அதற்கும் டோக்கியோதான்.