இசையை வகை பிரித்துக் கேட்டதும், வகையைக் கலைத்துவிட்டுக் கேட்பதும்

எம்பி3 குறுந்தகடு காலத்திலிருந்தே பாட்டுகளை அடுக்கி வைத்துக் கேட்கிற பழக்கம் எனக்கு உண்டு. பல வருஷங்கள் எல்லாவற்றையும் வகை பிரித்தே வைத்திருந்தேன்: கர்நாடகம், திரையிசை, பக்தி, நாட்டுப்புறம், கானா, மேற்கத்தியம். பிறகு அந்த அடுக்கைக் கலைத்து வேறு முறைக்கு மாறினேன். அதுவும் நெடுநாள் ஆகிவிட்டது. இரண்டிலும் புழங்கிப் பார்த்ததில் நான் கண்டது இது: தினப்படி எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்க வகை அவ்வளவாக உதவுவதில்லை. ஆனால் பழக்கமில்லாத ஓர் இசைக்குள் முதன்முறை நுழையும்போது அது இல்லாமல் ஆகாது.

முதலில் வகை பிரிப்பதில் உள்ள சிக்கல். எம்பி3 கோப்பில் பாட்டின் பெயர், பாடியவர், வருஷம் முதலியவற்றை எழுதி வைக்கும் இடத்துக்கு ஐடி3 டேக் என்று பெயர். 1996-ல் எரிக் கெம்ப் உருவாக்கிய முதல் வடிவத்தில் மொத்தமே 128 பைட். அதில் வகைக்கு ஒதுக்கியது ஒரே ஒரு பைட். வகையின் பெயரை நாமாக எழுத முடியாது; 0 முதல் 79 வரை எண்ணிட்ட 80 வகைகளில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். புளூஸ் 0, ராக் 17, போல்கா 75. கர்நாடக இசைக்கு எண்ணே கிடையாது, இந்துஸ்தானிக்கும் அப்படியே. தமிழ்த் திரைப்பாட்டு மொத்தமும் 24-க்குள், அதாவது சவுண்ட்டிராக். 1950-களில் வந்த பாட்டும் போன மாதம் வந்த பாட்டும் ஒரே எண்ணில். நாகஸ்வரத்தை 48-ல், 'எத்னிக்' என்ற தலைப்பின் கீழ் போட்டு வைத்திருந்தேன். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை அந்தத் தலைப்பின் கீழ் பார்க்கும்போதெல்லாம் மனசு ஒப்பவே இல்லை.

இப்போதைய செயலிகள் வகையைத் தாமே போட்டுக்கொள்கின்றன. நான் பயன்படுத்திய ஒன்றில் கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸஃபோன் கச்சேரி ஜாஸ் வரிசையில் கிடந்தது. அதை ஒரு நாள் கூடத்தில் ஒலிக்கவிட்டிருந்தபோது அம்மா சமையலறையிலிருந்தே, "யாருடா நாயனம்? பிருகா நல்லா உருளுதே" என்றார். சாக்ஸஃபோன்மா என்றேன். "என்னவோ இருக்கட்டும், வாசிக்கிறது நாயனப் பாணிதானே?" கத்ரியின் அப்பா நாகஸ்வரக்காரர். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸஃபோனைக் கேட்டு ஆசைப்பட்டு, கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் நெளிவு, பிடிபட வேண்டும் என்பதற்காகக் கருவியிலேயே மாற்றங்கள் செய்துகொண்டவர் கத்ரி. செயலி கருவியைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது. அம்மாவின் காது வாசிப்பின் பூர்வீகம் வரை போய்விட்டது.

வகைகளின் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்த பிறகு இதில் எனக்கு வியப்பு குறைந்தது. பாதிக்கு மேல் கடைக்காரருக்கும் விற்பனைப் பட்டியலுக்கும் தேவைப்பட்ட பெயர்கள். 'வேர்ல்டு மியூசிக்' என்ற தலைப்பை 1987-ல் லண்டனில் ஒரு மதுக்கூடத்தில் கூடிய சிறு இசைத்தட்டு நிறுவனத்தார் முடிவு செய்தார்கள். கடையில் அந்தத் தட்டுகளை எந்த அடுக்கில் வைப்பது என்பதே அவர்களுடைய கவலை. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் இசையை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்றே பட்டியலிட்டுக்கொண்டிருந்த பில்போர்டு பத்திரிகை, 1949-ல்தான் அதை 'ரிதம் அண்டு புளூஸ்' என்று மாற்றியது. மேளத்துக்கும் மெட்டுக்கும் முன்னால் வாங்குகிறவரின் நிறம் அங்கே வகையாகியிருந்தது.

நம்மூரிலும் இந்த வேலி உண்டு. பறைக்குச் 'சாவு மேளம்' என்று பெயர் வைத்துவிட்டு, அதன் அடியைக் காது கொடுத்துக் கேட்காமலே வாழ்ந்து முடித்தவர்கள் எத்தனையோ பேர். கானா என்றதும் முகம் சுளிப்பவர்களையும் பார்க்கிறேன். மரண வீட்டில் விடிய விடியப் பாடும் கானாக்காரர் இறந்தவரின் வாழ்க்கையை அங்கேயே இட்டுக்கட்டித் தாளத்தில் நிறுத்துகிற திறமையை, வகையின் பெயர் மறைத்துவிடுகிறது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் ராப்பையும் ராக் கிதாரையும் ஒரே மேடையில் ஏற்றியபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. வகை ஒரு மதிப்பெண்ணாக மாறும் இடத்தில் அதை நான் முழுமனதாக எதிர்க்கிறேன்.

அரசாங்கமே வகை பார்த்த கதையும் உண்டு. 1952-ல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானதும் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப் போனது. கேட்கிறவர்கள் இலங்கை வானொலிக்குத் திருப்பிக்கொண்டார்கள். 1957 அக்டோபரில் அதே வானொலியின் பொழுதுபோக்குச் சேவையான விவித பாரதி தொடங்கிய பிறகே பாட்டு இந்தப் பக்கம் திரும்பியது. எது நல்ல வகை என்று மேலிருந்து சொன்னால் மக்கள் கேட்பதில்லை, ஸ்டேஷனை மாற்றிவிடுகிறார்கள்.

என் இப்போதைய முறையும் ரேடியோவிடம் கற்றதுதான். ரேடியோ, நாளைப் பொழுதாகப் பிரித்துக்கொண்டது: விடியலில் பக்திப் பாட்டு, இரவில் பழைய பாடல்கள். நானும் பொழுதையும் வேலையையும் வைத்துத்தான் பிளேலிஸ்ட் போடுகிறேன். கணக்கு எழுதும்போது சொற்கள் இல்லாத இசை. வீணையும் வரும், பியானோவும் வரும். பேருந்துப் பயணத்துக்குக் குரல் ஓங்கிய பாட்டு, ஏனென்றால் மெல்லிய ஆலாபனையை இன்ஜின் சத்தம் விழுங்கிவிடும். ராத்திரிக்குத் தாளம் தளர்ந்தவை. ஒரே பட்டியலில் சீர்காழி கோவிந்தராஜனும் பாப் மார்லியும் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு உறுத்தலும் இல்லை.

செயலிகள் வகையை இன்னும் நுணுக்கமாக நறுக்கினால் தீர்ந்துவிடுமா என்றும் பார்த்தேன். 'எவ்ரி நாய்ஸ் அட் ஒன்ஸ்' என்ற இணைய இசைவகை வரைபடத்தில் 6,000-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சுற்றிப் பார்க்க அருமையான இடம். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு எதைப் போடுவது என்பதற்கு அதில் பதில் கிடைக்கவில்லை.

வகை உண்மையிலேயே தேவைப்படும் இடம் வேறு. எங்கே காத்திருக்க வேண்டும் என்று அது சொல்லித் தருகிறது. மூன்று நான்கு நிமிஷப் பாட்டுக்குப் பழகிய காது, கர்நாடகக் கச்சேரியின் நீண்ட உருப்படியான ராகம் தானம் பல்லவியின் முதல் பத்து நிமிஷத்தில், "பாட்டு எப்போது ஆரம்பிக்கும்?" என்று தவிக்கும். இது ஆலாபனை, இதில் சொல்லும் தாளமும் வராது, ராகம் படிப்படியாக மேலே ஏறும் என்று யாராவது சொல்லிவிட்டால் அதே பத்து நிமிஷம் போதாமல் போகிறது. எனக்கு புளூஸ் பிடிபட்டதும் இப்படித்தான். பன்னிரண்டு தாள அளவு (பார்) கொண்ட சுற்று ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்த பிறகு, கிதார்க்காரர் அந்தச் சுற்றுக்குள் எங்கே பிந்துகிறார், எங்கே முந்துகிறார் என்பது கேட்க ஆரம்பித்தது.

இதனால் ஒரே ஒரு விஷயத்தில் வகையை விடாமல் வைத்திருக்கிறேன்: கச்சேரிப் பதிவுகளுக்குத் தனி அடுக்கு. ஆல்பங்களில் ஆலாபனை, கிருதி (பாட்டு), தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) என்று துண்டு துண்டாக வெட்டியிருப்பார்கள். ஷஃபிள் போட்டால் கிருதியே இல்லாமல் தனி ஆவர்த்தனம் மட்டும் திடுமென்று வந்து நிற்கும். ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்ததை மெல்ல ஏற்றும் கிராஸ்ஃபேட் இயங்கிக்கொண்டிருந்தால் தம்புராவின் சுருதி மேல் அடுத்த பாட்டின் சுருதி ஏறி இரண்டும் கெடும்.

மற்றவற்றில் வகை என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, குறிப்பு எழுதும் கட்டத்தில் ராகத்தை எழுதுகிறேன். இதன் பலன் பெரிது. ரீதிகௌளை என்று தேடினால் சுப்பராய சாஸ்திரியின் 'ஜனனி நினுவினா', 1977-ல் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்', 2008-ல் வந்த 'கண்கள் இரண்டால்' மூன்றும் வரிசையாக வருகின்றன. அடுத்தடுத்துக் கேட்டால், அந்த ராகம் நிஷாதத்தில், அதாவது 'நி' ஸ்வரத்தில், குழைந்து நிற்கும் இடம் மூன்றிலும் காதில் விழும். ராகப் பெயர் தெரியாதவர்கள் பாட்டு எதை ஞாபகப்படுத்துகிறதோ அந்தப் பாட்டின் பெயரை எழுதி வைக்கலாம். என் தங்கை அப்படித்தான் செய்கிறாள், அவளுடைய தேடல் என்னுடையதைவிட நன்றாகவே வேலை செய்கிறது.

மாற்ற நினைப்பவர்கள் எல்லாக் கோப்பையும் ஒரே நாளில் தொட வேண்டாம். ஒரு பாட்டு ஒலிக்கும்போது குறிப்பு தோன்றினால் அதை மட்டும் எழுதுங்கள். கச்சேரி அடுக்குக்குப் போகும் முன் ஷஃபிளையும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள்.