ஆப்ஜெக்டா, மேப்பா? ஜாவாஸ்கிரிப்டில் சாவியும் மதிப்பும் வைக்க எது தோது

கட்டுரைகளில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ண ஒரு சிறிய நிரல் எழுதினேன். சாவிக்கு நேரே மதிப்பை வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் பெட்டியான ஆப்ஜெக்ட் ஒன்றை வெற்றாக எடுத்துக்கொண்டேன். சொல் சாவி, எண்ணிக்கை மதிப்பு. தமிழ்க் கட்டுரைகளை ஓட்டியவரை பிசகே இல்லை. நிரலாக்கம் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைக் கொடுத்ததும், ‘கன்ஸ்ட்ரக்டர்’ என்ற சொல்லுக்கு நேரே எண்ணுக்குப் பதில் ஏதோ ஃபங்ஷனின் உரையும், அதன் வாலில் 111 என்ற ஒட்டும் வந்து நின்றன.

வெற்று ஆப்ஜெக்ட் உண்மையில் வெறுமையாக இருப்பதில்லை. புரோட்டோடைப், அதாவது அதன் மூல ஆப்ஜெக்ட், வழியாக ‘கன்ஸ்ட்ரக்டர்’ போன்ற சில பெயர்கள் அதற்குப் பரம்பரைச் சொத்தாக வந்துவிடுகின்றன. நாம் போடாத சாவியைக் கேட்டாலும் பதில் வருகிறது. அந்தச் சொல் வந்த ஒவ்வொரு முறையும் நிரல் அதோடு 1-ஐக் கூட்டப் போக, கூட்டல் ஒட்டலாகிவிட்டது. புரோட்டோடைப் இல்லாத ஆப்ஜெக்டை உருவாக்கியும் இதைத் தவிர்க்கலாம். ஆனால் ஜாவாஸ்கிரிப்டின் 2015 பதிப்பில், சாவியும் மதிப்பும் வைப்பதற்கென்றே மேப் வந்த பிறகு அந்தச் சுற்றுவழி எதற்கு?

வரிசையிலும் மேப்பே நம்பகமானது. போட்ட வரிசையிலேயே திருப்பித் தரும். ஆப்ஜெக்டில் முழு எண் போலிருக்கும் சாவிகள் முன்னே வந்து ஏறுவரிசையில் நின்றுகொள்ளும். 47, 12, 5 என்று பேருந்துத் தட எண்களைப் போட்டால் 5, 12, 47 என்று வரும். எத்தனை சாவிகள் இருக்கின்றன என்பதையும் மேப் உடனே சொல்லும். ஆப்ஜெக்டில் சாவிகளைப் பட்டியலாக்கித்தான் எண்ண வேண்டும்.

மேப்பிலும் தடுக்கி விழ இடமுண்டு. ஆப்ஜெக்ட் பழக்கதோஷத்தில் சதுர அடைப்புக்குறி போட்டு மதிப்பை வைத்தால் பிழைச்செய்தி வராது. மதிப்பு மேப்பின் அட்டவணைக்குள்ளும் போகாது. அளவு 0 என்றே காட்டும். வைக்க செட், எடுக்க கெட் என்ற மேப்பின் கட்டளைகள் வழியாகத்தான் போக வேண்டும். அஞ்சல் குறியீடு 600001 எண்ணாக இருந்தால் மேப்பில் ஒரு சாவி, சரமாக (எழுத்துத் தொடராக) இருந்தால் வேறு சாவி. ஆப்ஜெக்ட் இரண்டையும் சரமாக்கி ஒன்றாகவே பார்க்கும்.

தரவை உரையாக எழுதி அனுப்பும் வடிவமான ஜேசான் என்று வந்துவிட்டால் ஆப்ஜெக்ட்தான். மேப்பை நேரடியாக ஜேசானாக்கினால், உள்ளே எவ்வளவு இருந்தாலும் {} என்ற வெறும் அடைப்புக்குறி ஜோடிதான் மிஞ்சும். அனுப்புமுன் ஆப்ஜெக்டாக மாற்றியாக வேண்டும். அதற்கான வசதி 2019 பதிப்பில் வந்தது.

என் கணக்கு இதுதான்: பெயர், வயது, ஊர் என்று புலங்கள் முன்பே தெரிந்த பதிவுக்கு ஆப்ஜெக்ட். சாவி பயனரிடமிருந்தோ கோப்பிலிருந்தோ வருமானால், அட்டவணை வளர்ந்தும் தேய்ந்தும் கொண்டிருக்குமானால், தயங்காமல் மேப்.

தமிழைச் சாவியாக வைப்பவர்களுக்கு இன்னொன்று. ‘கொ’ என்பதில் வரும் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஆப்ஜெக்டுக்கும் மேப்புக்கும் அவை வெவ்வேறு சாவிகள். அதனால் ‘கொடி’ ஒரே பட்டியலில் இரண்டு இடத்தில், பாதிப் பாதி எண்ணிக்கையோடு உட்கார்ந்திருக்கும். சொல்லை நார்மலைஸ் செய்துவிட்டுத்தான், அதாவது இரு வடிவங்களையும் ஒன்றாக்கிவிட்டுத்தான், சாவியாக்க வேண்டும். எதைத் தேர்ந்தாலும் இந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள்.