ரோசேசியாவுக்கு மெட்ரோநிடசோலா, அசெலாயிக் ஆசிடா?

முகத்தில் வருவது பருவல்ல, ரோசேசியா (முகம் சிவந்து எரிந்து, பரு போலக் கொப்புளம் வரும் நாள்பட்ட தோல் நோய்) என்று தோல் டாக்டர் சொன்னதும் பெரும்பாலும் எழுதித் தருவது இந்த இரண்டு ஜெல்களில் ஒன்றைத்தான். இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு, அசெலாயிக் ஆசிட் 15 சதவீதத்தையே தொடர்கிறேன்.

மெட்ரோநிடசோல் 0.75 சதவீதம் சாதுவான மருந்து. அதிகம் எரியாது, கொப்புளங்களை மெல்ல அடக்கும். சோப்பு பட்டாலே காந்துகிற முகம் என்றால் இதில் தொடங்குவதே நல்லது.

அசெலாயிக் ஆசிட் தொடக்கத்தில் சுருக் சுருக்கென்று குத்தும், அரிக்கும். முகம் கழுவியதும் ஈரத்தோடு தடவினால் இன்னும் மோசம். நன்றாகக் காயவிட்டு, முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் பட்டாணியளவு ஜெல் என்று வைத்துக்கொண்டபின் எனக்கு அடங்கியது.

இவ்வளவு பொறுத்துக்கொள்ளக் காரணம், கொப்புளம் விட்டுப்போகும் கறுப்புத் தடம். நம் மாநிறத்தில் ரோசேசியாவின் சிவப்பு பளிச்சென்று தெரியாது. கன்னத்தில் சூடும் எரிச்சலும்தான் முதலில் தெரியும். ஆனால் கொப்புளம் அமுங்கிய இடத்தில் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். மெட்ரோநிடசோல் அதைத் தொடாது. அசெலாயிக் ஆசிட், தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாகத் தேவையான டைரோசினேஸ் என்சைமையும் தடுப்பதால் தடமும் மங்குகிறது. அந்தக் கறுப்பைப் பார்த்துப் பயந்துதான் பலர் ஸ்டீராய்டு கலந்த 'வெள்ளையாக்கும்' கிரீமைத் தேடிப் போகிறார்கள். அது சில நாள் பளபளப்பாகக் காட்டும்; நிறுத்தியதும் முகம் கொதிக்கும், ரோசேசியா முற்றும். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஐவர்மெக்டின் 1 சதவீத கிரீமை நான் போட்டதில்லை. தினம் ஒரு வேளை போதும், டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சியையும் குறைக்கும்; கொப்புளத்தை அடக்குவதில் மெட்ரோநிடசோலை அது முந்தியதாக ஒப்பீட்டு ஆய்வு உண்டு. கொப்புளம் நிறைய இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். கன்னத்தில் நூல்நூலாகத் தெரியும் ரத்தக்குழாய்களுக்கு இந்த மூன்றுமே உதவாது, லேசர்தான் வழி.

எந்த ஜெல்லானாலும் வெயிலும் வெக்கையும் வேலையைக் கெடுக்கும். ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன், முகத்தில் சாம்பல் பூத்தாற்போலத் தெரியாமலிருக்க நிறம் கலந்ததாக வாங்குங்கள். குக்கர் மூடியைத் திறக்கும்போது ஆவி முகத்தில் அடிக்காமல் தள்ளி நில்லுங்கள். டீ, காபியை விட வேண்டியதில்லை, ஆறவிட்டுக் குடித்தால் போதும். காரம் சிலருக்குத்தான் ஒத்துக்கொள்ளாது. ஜெல்லுக்குப் பலன் தெரிய 12 வாரம்கூட ஆகலாம், பாதியில் மாற்றாதீர்கள்.