அலபார்தாவா, பிக்காவா? களத்தில் தோற்றது ஏலத்தில் ஜெயிக்கிறது

பழைய ஆயுதங்கள் ஏலத்துக்கு வரும் இடங்களில் ஹால்பர்ட் அடிக்கடி தலைகாட்டும். ஸ்பானியர்கள் இதை அலபார்தா என்பார்கள். ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் கொக்கி, உச்சியில் கூர்முனை. மூன்றையும் தாங்க ஆளுயரத்தைத் தாண்டிய மரக்காம்பு. அதே ஸ்பானியப் படையில் இருந்த பிக்கா, அதாவது சுமார் 5 மீட்டர் நீள ஈட்டி, முழுதாகக் கிடைப்பது அபூர்வம். இத்தனைக்கும் போர்க்களத்தில் நின்று ஜெயித்தது பிக்காதான்.

ஆளுக்கு ஆள் மோதினால் என் ஓட்டு அலபார்தாவுக்கே. குதிரைவீரனைக் கொக்கியால் இழுக்கலாம், விழுந்தவனின் தலைக்கவசத்தைக் கோடரியால் பிளக்கலாம், எழ முயன்றால் முனையால் குத்தலாம். 1315இல் சுவிட்சர்லாந்தின் மோர்கார்ட்டனில், ஏரிக்கும் மலைச்சரிவுக்கும் நடுவே சிக்கிய, ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் குதிரைப்படையை சுவிஸ் மலைவாசிகள் இப்படித்தான் சிதைத்தார்கள். 1477இல் நான்சி போரில் மாண்ட பர்கண்டி கோமகன் சார்லஸின் மண்டையைப் பிளந்ததும் ஹால்பர்ட் அடிதான் என்பார்கள்.

ஆனால் கோடரியை வீச இடம் வேண்டும். பக்கத்தில் இருப்பவன் ஒதுங்க வேண்டும். பிக்காவுக்கு அந்தத் தொல்லை இல்லை. தோளோடு தோள் ஒட்டி நின்று முன்னால் நீட்டினால் போதும். முன்வரிசைக்காரனைத் தாண்டி அவனுக்குப் பின்னால் நிற்பவர்களின் முனைகளும் வெளியே நீளும். 2 மீட்டர் காம்போடு அந்த முள்வேலிக்குள் நுழைவது யாரால் முடியும்? 1422இல் ஆர்பெடோவில் சுவிஸ்காரர்களே இந்தப் பாடத்தைப் படித்தார்கள். மிலான் தளபதி கார்மஞோலா தன் குதிரைவீரர்களை இறக்கி, நீண்ட ஈட்டிகளோடு நடக்கவிட்டான். ஹால்பர்ட் எட்டவில்லை. அதன் பிறகு சுவிஸ் படைகளில் நீள ஈட்டிகள் பெருகின. ஹால்பர்ட் அணியின் நடுவுக்கு, கொடியைக் காக்கும் வேலைக்குப் போனது.

ஸ்பெயினில் கதை இன்னும் சுவையானது. ஈட்டி வேலியை உடைக்க அவர்களிடம் வேறொரு கருவி இருந்தது: வாளும் சிறு கேடயமும். 1512இல் ரவென்னாவில் இந்த வீரர்கள் ஈட்டிகளுக்கு அடியில் புகுந்து, பிரெஞ்சுப் பக்கம் நின்ற ஜெர்மன் கூலிப்படையை வெட்டிச் சாய்த்தார்கள். (அன்று போரில் வென்றது பிரெஞ்சுக்காரர்கள் என்பது வேறு விஷயம்.) அப்புறம் துப்பாக்கியின் கை ஓங்கியது. தெர்சியோ என்ற ஸ்பானியப் படைப்பிரிவு பிக்காவையும் துப்பாக்கியையும் நம்பியே நின்றது.

சரி, அலபார்தா எங்கே போனது? சார்ஜென்டின் கைக்கு. வரிசை கோணினால் காம்பைக் குறுக்கே பிடித்துத் தள்ளி நேராக்கலாம். புகைக்கு நடுவே அதைப் பார்த்ததும் சார்ஜென்ட் எங்கே என்று தெரிந்துவிடும். இன்னொரு பக்கம், 1504இல் பெர்னாண்டோ மன்னருக்காக அமைந்த அலபார்தெரோஸ் (அலபார்தா ஏந்துவோர்) காவல்படை அதை அரண்மனைக்குள் கொண்டுபோனது. இன்றும் ஸ்பானிய அரச விழாக்களில் அதைத் தூக்கி நிற்கிறார்கள். பிக்காவுக்கு இந்த யோகம் இல்லை. துப்பாக்கி முனையில் பயனெட் என்ற கத்தியை மாட்டும் பழக்கம் பரவியதும், 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அதன் வேலை முடிந்தது. வெறும் மரமும் சிறு இரும்பு முனையும்தானே, யார் பத்திரப்படுத்துவார்கள்?

வாங்க நினைப்பவருக்கு அடுத்த கேள்வி, போர் அலபார்தாவா அரண்மனை அலபார்தாவா என்பது. போருக்கானது அழகில்லாமல் இருக்கும்: கனத்த கோடரி, தடித்த நாற்சதுர முனை, எதிராளி காம்பை வெட்டிவிடாமல் காக்க இருபுறமும் நீண்டு இறங்கும் இரும்புப் பட்டைகள். அரண்மனைக்கானதில் கோடரி பிறைபோல் உள்வளைந்து மெலிந்திருக்கும். தகட்டில் துளை வேலைப்பாடு, ஒல்லியான நீள முனை. பார்க்க இதுதான் கவர்ச்சி. நான் போருக்கானதையே எடுப்பேன்.

காம்பு புதிதாக இருந்தால் பதற வேண்டாம், மரம் மாற்றப்படாதவை குறைவு. இரும்பைத்தான் பார்க்க வேண்டும். பழையதில் கோடரியும் காம்பு நுழையும் குழலும் கொல்லன் உலையில் அடித்து இணைத்தவை, தடிப்பு சீராக இருக்காது. மாளிகைச் சுவர்களை அலங்கரிக்க 19ஆம் நூற்றாண்டில் செய்து குவித்த நகல்களில் பல, அச்சில் வார்த்தவை. விளிம்பில் அச்சுக்கோடு தெரிந்தாலோ, எல்லாப் பக்கமும் ஒரே அளவில் துரு அரித்திருந்தாலோ, விலை பேசாமல் நகர்ந்துவிடுங்கள்.