லாடமா, வெறுங்காலா? செல்லிக்கு இரண்டையும் செய்து பார்த்தேன்

செல்லி என் குதிரை. கத்தியவார் ரகம், செவலை. அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கி ஆறு வருடமாகிறது. போன மார்கழியில் ஒரு ராத்திரி கயிற்றை அறுத்துக்கொண்டு போய் மக்காச்சோள மூட்டையில் வாய் வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பாரத்தை எல்லாம் பின்னங்கால்களில் போட்டு நின்றாள். குளம்பைத் தொட்டால் சுட்டது. லேமினைடிஸ்.

குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய மடிப்புகள் புண்ணாகிற நோய் இது. பிடி விட்டால் எலும்பின் நுனி சரிந்து அடிக்குளம்பை அழுத்தும். செக்ரட்டேரியட் என்ற பேர்போன பந்தயக் குதிரையை 1989இல் கருணைக்கொலை செய்ய வேண்டி வந்ததும் இதனால்தான்.

வழக்கமாக வரும் லாடக்காரர் புதுச் சாதா லாடம் அடித்தார். சுத்தியல் விழும்போதெல்லாம் செல்லி நடுங்கினாள். மறுநாள் எழுந்திருக்கவே இல்லை. டாக்டர் வந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றினார். கெட்டி ஃபோம் அட்டையைக் குளம்படியில் வைத்துக் கட்டினார். ஐஸ் தண்ணீரில் முதல் ராத்திரியே நிறுத்தியிருக்க வேண்டும் என்றார். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

வலி தணிந்த பிறகு, பந்தய லாயத்தில் வேலை பார்த்த ஒருவரை வரவழைத்து ஹார்ட் பார் லாடம் போட்டோம். இதய வடிவில் நடுவே ஒரு பட்டை வரும். குளம்படியில் முக்கோணமாக இருக்கும் ஃபிராக் என்ற மெத்துப் பகுதியை அது தாங்கும், எலும்புக்கு முட்டுக் கொடுத்த மாதிரி. அவர் எக்ஸ்ரே இல்லாமல் கை வைக்க மாட்டேன் என்றார். பட்டை கொஞ்சம் இடம் மாறினாலோ, அதிகமாக அழுத்தினாலோ உள்ளே சீழ் வைத்துவிடுமாம். ஒரு தடவைக்கு 4,500 ரூபாய், எக்ஸ்ரே தனி. கொடுத்த காசுக்குக் குறையில்லை. மூன்றாம் நாளே கஞ்சித் தொட்டி வரை தானாக நடந்து வந்தாள்.

ஆனால் இரண்டாவது லாடத்தின்போது ஆணி அடித்த இடங்களில் சுவர் பொரிந்து உதிர்ந்தது, குதிகாலும் ஒடுங்கியது. பத்து வாரத்தோடு கழற்றிவிட்டு வெறுங்காலுக்கு மாறினோம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அரத்தால் முன்நுனியைக் குறைத்து, குதிகாலைச் சமப்படுத்துவார். லாயத்தில் அரை அடி மணல் கொட்டினோம். மணலில் நன்றாக நடந்தாள், சரளைக்கல்லில் கால் வைக்கவே பயந்தாள். அதற்காக உள்ளே மெத்தை வைத்த ரப்பர் பூட்ஸ் வாங்கினேன். குளம்பைச் சீவிய அன்றே அளவெடுங்கள், நான் இரண்டு வாரம் கழித்து எடுத்து முதல் ஜோடியை வீணாக்கினேன். ராத்திரி கழற்றிக் காயவிடாவிட்டால் குதிகால் வெந்துபோகும்.

என்னைக் கேட்டால், எலும்பு சரிந்து வலியில் நிற்கும் குதிரைக்கு, எக்ஸ்ரே பார்த்துப் போடுகிற ஆள் கிடைத்தால், ஹார்ட் பார் போடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் ஃபோம் அட்டையே போதும், ஆணி வேண்டாம். நிற்கத் தெம்பு வந்ததும் வெறுங்கால்தான். கொள்ளையும் தவிட்டையும் நிறுத்தி, காய்ந்த புல்லை ஊறவைத்துப் போடாமல் இரண்டில் எதைச் செய்தும் பிரயோஜனமில்லை.

குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். நோய் வந்தபோது குளம்பில் விழுந்த வளையம் இந்தப் புரட்டாசியில் நுனிக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கிறது. அதற்கு மேலே வந்திருக்கும் சுவர் வழவழவென்று நேராக இருக்கிறது.